மின்கம்பியாளர் பயிற்சியின் வடிவங்கள்: கையாள் முறையிலிருந்து முன்கற்றல் அங்கீகாரம் வரை ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

தமிழ்நாட்டு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது ஒரு சிறு செய்தி வரும். மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு அது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் கேட்கப்படும். வயதுக்கு மேல் வரம்பு இல்லை. மாலை நேர வகுப்பில் பயின்று தேர்ந்தவர்களும், அரசுப் பயிற்சித் திட்டத்தில் மின்பணியாளர் அல்லது கம்பியாள் பிரிவை முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்ற குறிப்பும் உடன் இருக்கும்.

இந்த நாலு வரி அறிவிப்புக்குள் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு மடிந்து கிடக்கிறது. சுவரில் காடி வெட்டியே தொழில் பழகியவர், பகலில் வேலை பார்த்து மாலையில் படித்தவர், ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் முழுநேரம் பயின்றவர் ஆகிய மூவரும் ஒரே தொழிலுக்கு வந்து சேரும் வழிகளை அது ஒருங்கே ஒப்புக்கொள்கிறது. இந்த வழிகள் ஒவ்வொன்றும் எந்தத் தேவையால் பிறந்தன, எதை நன்றாகக் கற்பித்தன, எதைக் கற்பிக்காமல் விட்டன என்பதைக் கால வரிசையில் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பயிற்சி வடிவங்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. வயர்மேன் தொழிலின் வரலாறு வேறொரு முடிவுக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. எங்கே கற்றார் என்று கேட்பதை விட, கற்றதை யார், எப்படிச் சோதிக்கிறார் என்று கேட்பதே முதன்மையானது.

1. கையாளாகச் சேர்தல்

தொழில் கற்பதன் ஆகப் பழைய வடிவம், தெரிந்தவரோடு கூடப் போவது. தச்சு, கொல்லு, கொத்து வேலைகளில் இது குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. குடும்பத்துக்கு வெளியே உள்ள பிள்ளைகளையும் தொழிலில் சேர்க்கச் சட்ட வடிவம் கொடுத்தது 1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இயற்றப்பட்ட இச்சட்டப்படி, 10 வயதுக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைக்கலாம். ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதையும் இச்சட்டம் பேசவில்லை. காலத்தை மட்டும் அளந்தது. இத்தனை ஆண்டு உடனிருந்தால் தொழில் வந்துவிடும் என்பது அதன் நம்பிக்கை.

வயரிங் தொழிலில் இந்த முறை இன்றும் உயிரோடிருக்கிறது. பையன் முதலில் கையாளாகச் சேர்கிறான். ஏணி பிடிப்பான், கூரை சென்ட்ரிங் போடும்போது பைப் பதிப்பதற்குக் கூட நிற்பான், உளியும் சுத்தியலும் கொண்டு செங்கல் சுவரில் காடி எடுப்பான். பிறகு பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுக் கம்பி இழுப்பான். ஸ்விட்ச் போர்டு கட்ட விடுவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். மெயின் போர்டைத் தொட விடுவது கடைசியில்தான்.

இந்த வரிசையில் ஒரு கல்வி ஒழுங்கு உண்டு. தவறினால் உயிருக்கு ஆபத்தில்லாத வேலை முதலிலும், தவறினால் ஆளையே கொல்லும் வேலை கடைசியிலும் வருகிறது. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் கை வைக்கும் முன் தயங்க வேண்டும் என்ற உணர்வு, கொத்தனாரும் தச்சரும் பிளம்பரும் நெருக்கியடிக்கும் தளத்தில் தன் வேலையை எப்போது நுழைப்பது என்ற கணக்கு, வீட்டுக்காரர் கேட்பதற்கும் கம்பி தாங்குவதற்கும் இடையிலான பேச்சு ஆகியவற்றை வேறெந்த வகுப்பும் இந்த அளவுக்குக் கற்றுத்தருவதில்லை.

குறைகளும் அதே அளவுக்குக் கனமானவை. தலைமை வயர்மேனுக்குத் தெரிந்தது மட்டுமே கையாளுக்குத் தெரியும். அவர் எர்த் கம்பியை அலட்சியமாக விட்டுவிடுபவராக இருந்தால் பையனும் விட்டுவிடுவான். அவனிடம் கற்பவனும் விடுவான். ஒரு பிழை மூன்று தலைமுறைக்குத் தொழில் மரபாகப் போய்ச் சேரும். அதோடு, இந்த வாசல் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் வாசல். மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ தொழிலில் இருந்தால்தான் உள்ளே போக முடியும். பெண்களுக்கு அது ஏறக்குறைய மூடியே இருந்தது.

2. பட்டறையும் பள்ளியும்: சென்னை மாகாணத்தின் சோதனைகள்

தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி சென்னையில் வெகு முன்னதாகவே தொடங்கியது. 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைத்தொழில் பள்ளி கைவினைகளுக்கானது. இங்கெல்லாம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. பட்டறைக்குப் பள்ளியைச் சேர்ப்பதா, பள்ளிக்குப் பட்டறையைச் சேர்ப்பதா?

தாமஸ் ஹாலண்ட் தலைமையில் 1916இல் அமைக்கப்பட்டு 1918இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழில் ஆணையம் இக்கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியை நடத்திய அனுபவமுள்ள ஆல்பிரட் சாட்டர்ட்டன் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். தொழில்களை ஆணையம் இரண்டாகப் பிரித்தது. இயந்திரப் பொறியியல் போலக் கைத்திறன் அடிப்படையிலான தொழில்களில் பட்டறையே பயிற்சியின் நடுவிடம். கோட்பாட்டு வகுப்பு அதற்குத் துணையாக அமைய வேண்டும். செயல்முறைகளை இயக்கிக் கண்காணிக்கும் தொழில்களில் கல்வி நிலையம் முந்தலாம். ஒரே வடிவம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்ற இந்தத் தெளிவு அன்றே எழுத்தில் வந்துவிட்டது. 1916இல் சென்னையில் தொடங்கி, பிற்காலத்தில் மத்தியப் பல்தொழில்நுட்பக் கல்லூரியாக மாறிய தொழிற்பள்ளி அந்தக் காலத்தின் விளைவு.

3. தேர்வு பயிற்சியிலிருந்து பிரிந்த கதை

சென்னை மாகாணம் செய்த இன்னொரு ஏற்பாடு, நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1886 முதல் இங்கே அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் நடந்தன. பாடம் சொல்லித்தரும் இடம் வேறு, தேர்வு நடத்தும் இடம் வேறு என்ற ஏற்பாடு இதனால் வேரூன்றியது.

இதன் ஆற்றலைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தட்டச்சுப் பயிலகங்களில் கண்டன. பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் ஓர் அறை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள். ஆளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். நடத்துபவர் தனியாள், தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். பத்து நிமிடத்தில் 1,500 தட்டுகள் என்ற இளநிலை அளவு திருநெல்வேலியிலும் வேலூரிலும் ஒன்றே. கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஆயிரமாயிரம் பெண்கள் இந்தச் சான்றிதழோடு அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். பயிற்சியைப் பரவலாக்கி, அளவுகோலை ஒன்றாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.

தட்டச்சுக்கு இது எளிதாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. செய்து காட்டும் திறனே அங்கே தேர்வு. தாளில் விழுந்த எழுத்தே விடை. வயரிங்கில் வேலை சுவருக்குள் மறைந்துவிடுகிறது. பூசி வண்ணம் அடித்த பிறகு பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் கழித்துக் குளியலறையில் யாரோ ஒருவரின் கையில்தான் அது தெரியும். ஆகவே மின்தொழிலில் அரசு வெறும் சான்றிதழோடு நிற்கவில்லை, உரிமம் கேட்டது.

4. மின்சாரம் கேட்ட உரிமம்

இந்தியாவில் மின்சாரம் பற்றிய முதல் சட்டம் 1887இல் வந்தது. உயிருக்கும் உடைமைக்கும் மின்சாரத்தால் நேரும் கேட்டைத் தடுப்பதே அதன் நோக்கம். 1903ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும் மின்வழங்கலை விரிவாக ஒழுங்குபடுத்தின. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்க, மின்சாரம் நகரத்தை விட்டு ஊர்ப்புறத்துக்கும் கம்பி நீட்டியது. 1957இல் மின்வாரியம் அமைந்தபின் கிணற்று மோட்டார்கள் பெருகின. கம்பி போட ஆள் வேண்டும் என்ற தேவை பயிற்சி நிலையங்களை விட வேகமாக வளர்ந்தது.

இந்த வளர்ச்சிக்கு நடுவே வந்த 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, யார் கம்பியைத் தொடலாம் என்று வரையறுத்தது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் ஆகியவற்றை மாற்றுவது போன்ற சிறு வேலைகளை அது விட்டுவிட்டது. மற்ற நிறுவல் வேலைகளுக்கு மூன்று அடுக்கு ஆள் வேண்டும் என்றது: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர், அனுமதிச் சீட்டு பெற்ற பணியாள். தமிழ்நாட்டில் இச்சான்றிதழ்களை மின் உரிம வாரியம் வழங்குகிறது. மேற்பார்வையாளருக்கு ‘சி’, வயர்மேனுக்கு ‘பி’, உதவியாளருக்கு ‘எச்’ என்ற எழுத்துகள் தொழில் வழக்கிலேயே ஊறிப்போய்விட்டன. ‘சி லைசென்ஸ் இருக்கா?’ என்ற கேள்விக்கு விளக்கம் தேவையில்லை.

உரிமம் வந்ததும் பழைய ஆட்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இதே கேள்வியை மருந்தாளுநர் தொழிலும் சந்தித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரிக்கும்போது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 5 ஆண்டு மருந்து கலக்கிய அனுபவமுள்ள கம்பவுண்டர்களுக்கும் இடம் கொடுத்தது. அது ஒரு முறை மட்டும் திறந்த வாசல். பிறகு படிப்பு கட்டாயமானது. வயர்மேன் தொழிலில் அந்த அனுபவ வாசல் சாத்தப்படவே இல்லை. உதவியாளர் தேர்வு அதைத் திறந்தே வைத்தது. ஆனால் வாசலில் ஒரு சோதனையை நிறுத்தியது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுகளை எண்ணியதோடு நின்றது. இங்கே 5 ஆண்டு என்பது தேர்வறைக்குள் நுழையும் தகுதி மட்டுமே.

5. ஐ.டி.ஐ.யின் வருகை

முழுநேரத் தொழிற்பயிற்சி நம் நாட்டில் பரவியதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு வேண்டிய தொழில்நுட்பப் பணியாளர்களை விரைவாக உருவாக்க 1940இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. போர் முடிந்தபின் படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வாழ்வு தேட, 1945இல் மறுவாழ்வு வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைந்தது. அந்த அடித்தளத்தின்மேல் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும் ஐ.டி.ஐ.களும் எழுந்தன. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956இல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. அதே ஆண்டு தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்து, நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டமும் ஒரே சான்றிதழும் வகுத்தது.

கையாள் முறையால் தர முடியாத மூன்றை ஐ.டி.ஐ. தந்தது. முதலாவது, காரணம். ஓமின் விதியும் மின்தடையும் தெரிந்தால், ஏ.சி.க்கு ஏன் தடித்த கம்பி வேண்டும் என்பது விளங்கும். இரண்டாவது, அளக்கும் பழக்கம். டெஸ்டர் ஒளிர்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், மெகர் கொண்டு மின்காப்பை அளக்கச் சொல்லிக்கொடுத்தது. வீட்டு வயரிங்கில் 500 வோல்ட் அழுத்தத்தில் காப்பு மின்தடை 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்று 1956ஆம் ஆண்டு விதிகளின் 48ஆம் விதி சொன்னதன் பொருள், அதை அளந்து பார்த்தவருக்கே புரியும். மூன்றாவது, பிழை செய்யும் உரிமை. பயிற்சிப் பலகையில் தவறாக இணைத்து ஃபியூஸ் போனால் அதுவே பாடம். கட்டடத் தளத்தில் அதற்கு வசவும் சம்பளப் பிடித்தமும் கிடைக்கும்.

நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். யாரையும் தெரியாத பிள்ளையும் விண்ணப்பம் போட்டுச் சேரலாம். மகளிருக்கெனத் தனி அரசு ஐ.டி.ஐ.கள் வந்தபின், பெண்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு முறையான நுழைவு கிடைத்தது.

ஆனால் இந்த வாசலுக்கும் படி உண்டு. மின்பணியாளர் பிரிவு 2 ஆண்டு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கம்பியாள் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஆனால் அதுவும் 2 ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் கூலி இல்லாமல் இருக்க முடிகிற குடும்பமாக இருக்க வேண்டும். வெளியே வரும் இளைஞருக்குப் பலகையில் கட்டத் தெரியும். குடியிருக்கும் பழைய வீட்டில் எந்தப் பைப் எங்கே போகிறது என்று ஊகிக்கத் தெரிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே தாங்கினாலும் இதன் மனம் வேறு. இதில் உதவித்தொகை உண்டு, தொடர்புடைய பாடவகுப்பு உண்டு, முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பழகுநர் காலத்தில் சலுகையும் உண்டு. பள்ளியையும் பட்டறையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய இந்த ஏற்பாடு, 1918ஆம் ஆண்டு ஆணையத்தின் கேள்விக்குக் கிடைத்த நடைமுறை விடை.

6. மாலை வகுப்பும் அஞ்சல் வழியும்

உழைத்துக்கொண்டே படிப்பவருக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று மாலை வகுப்பு. ஐ.டி.ஐ.யின் இயந்திரங்கள் பகல் மாணவர் போனபின் சும்மா இருக்கும் நேரத்தில், பகலெல்லாம் கம்பி இழுத்தவர் வந்து உட்காருவார். இவர் கேள்விகளோடு வருகிறார். அதுதான் இந்த வடிவத்தின் தனிச்சிறப்பு. எர்த் குழியில் கரியும் உப்பும் ஏன் போடுகிறோம் என்று பத்துக் குழி வெட்டியபின் கேட்பவருக்கும், ஒன்றும் வெட்டாமல் கேட்பவருக்கும் ஒரே விடை ஒரே ஆழத்தில் இறங்குவதில்லை. களைப்பும் இரவுப் பேருந்தும் இந்த வடிவத்தின் எதிரிகள். அவற்றைத் தாண்டி வந்தவர்களின் கற்றல் உறுதியானது என்பது என் துணிபு.

மற்றொன்று அஞ்சல் வழியும் தனித்தேர்வும். 1920இல் சென்னையில் பதிவு செய்யப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம், 1928 முதல் ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளை நடத்தியது. டிப்ளமா முடித்துப் பணியில் சேர்ந்தவர்கள் தாமே படித்துப் பொறியாளராக உயர அது ஏணியானது. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியபின், வீட்டிலிருந்து படிப்பது எளிய மக்களுக்கும் கைகூடியது. கலை, வணிகப் படிப்புகளில் இதன் நன்மை பெரிது.

கை வேலையில் அஞ்சல் வழியின் எல்லை எங்கே என்பதை 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசா லிஃப்ட் இரிகேஷன் வழக்கில், உரிய ஒப்புதலின்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் நடத்திய பொறியியல் பட்டங்களை அது ஏற்கவில்லை. செய்முறைப் பயிற்சி தொழில்நுட்பக் கல்வியின் உயிர்நாடி என்பதே தீர்ப்பின் அடிப்படை. ஏட்டில் உள்ள வரைபடத்தைத் தபால்காரர் கொண்டுவந்து தரலாம். கம்பியின் முறுக்கைத் திருகாணிக்கடியில் எவ்வளவு இறுக்குவது என்பதைக் கொண்டுவர முடியாது. இன்றைய காணொலிப் பாடங்களுக்கும் இந்த எல்லை பொருந்தும்.

7. மணிக்கணக்கின் காலம்

2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலை 15 அன்று பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டுகளால் அளந்த பயிற்சியை இத்திட்டம் மணிகளால் அளந்தது. குறுகிய காலப் பயிற்சி 150 முதல் 300 மணி நேரம் வரை அமைந்தது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்றொரு பிரிவும் வைக்கப்பட்டது. பெயர் புதிது, கருத்து நம் உதவியாளர் தேர்வில் முன்பே இருந்ததுதான்.

மணிக்கணக்கின் தர்க்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது வாகன ஓட்டுநர் உரிமத்தில். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் இலகுரக வாகனத்துக்கு 4 வாரங்களுக்குள் 29 மணி நேரம் பயின்று அங்கேயே தேர்ந்தவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அந்த 29 மணியில் 8 மணி பாடம், 21 மணி செய்முறை. பாடத்திட்டம் நன்று. ஆனால் கற்றுத்தருபவரே சோதிப்பவராகவும் ஆவது, 1886 முதல் நாம் கட்டிக்காத்த பிரிவினையைக் கலைக்கிறது. வயரிங் தொழிலில் இதைப் பின்பற்றலாகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

8. ஒப்பீடு

வடிவங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படுகின்றன. செலவில் கையாள் முறைதான் எளியது. அதில் கூலியும் வருகிறது. ஆனால் அதன் தரம் ஒரே ஒரு மனிதரைச் சார்ந்தது. ஐ.டி.ஐ. காரணத்தையும் அளவையையும் தருகிறது. ஆனால் இரண்டு ஆண்டு வருமானத்தைக் கேட்கிறது. மாலை வகுப்பு இரண்டையும் இணைக்கிறது. உடலின் ஓய்வைக் கேட்கிறது. அஞ்சல் வழியும் காணொலியும் விதிகளையும் கணக்கையும் எங்கும் கொண்டுசேர்க்கின்றன, கையைத் தொடுவதில்லை. மணிக்கணக்குப் பயிற்சி விரைவாக ஆள் தருகிறது. மழைக்காலமும் கோடைக்காலமும் கடந்து பார்க்கும் அனுபவத்தைத் தர அதற்கு நேரமில்லை.

எனவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாக முடியாது. கையாளாக இருந்தவருக்குத் தேவை, எர்த்திங்கும் காப்பு அளவையும் கற்பிக்கும் ஒரு மாலை வகுப்பு. ஐ.டி.ஐ. முடித்தவருக்குத் தேவை, நல்ல வயர்மேனோடு ஓராண்டு. வரலாற்றில் வெற்றி பெற்ற ஏற்பாடுகள் எல்லாம் இப்படி இணைத்தவையே.

முடிவுரை

தொழில் கற்பவர் எந்த வாசலால் வந்தார் என்பதைக் கொண்டு அவரை மதிப்பிடாத ஓர் ஏற்பாட்டைத் தமிழ்நாடு நீண்ட காலமாகக் காத்துவருகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நாற்பது வயதுக்காரரும் தேர்வெழுதித் தம் கைத்திறனுக்குச் சான்று பெறலாம் என்பது நீதியான ஏற்பாடு. அந்த நீதி நிலைக்க இரண்டு வேண்டும். சோதிப்பவர் கற்பிப்பவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். சோதனை எழுத்தோடு நிற்காமல் கையையும் அளவியையும் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுத் தரும் 5 ஆண்டு அனுபவச் சான்று வெறும் தாளாகிவிட்டாலோ, செய்முறைத் தேர்வு சடங்காகிவிட்டாலோ, வாசல்கள் பலவாக இருப்பதன் பெருமை பொய்யாகிவிடும்.

அந்தத் தேர்வறையில் ஒருவர் எர்த் கம்பியைச் சரியாக இணைக்கிறாரா என்று பார்க்கும் சில நிமிடங்களில்தான், அவர் இனிக் கம்பி போடப்போகும் வீடுகளில் குளியலறைக் குழாயைத் திறக்கும் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. இத்தனை பயிற்சி வடிவங்களும் வந்து கூடும் இடம் அதுவே. அந்த நிமிடங்களைச் சுருக்காமல் காப்பது தேர்வு நடத்துபவர்களின் பொறுப்பு.